மலைத்தீயும் மறுவளர்ச்சியும்: ஊவாப் பத்தனைகள், பைனஸ் காடுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்த காத்தான்குடியிற் பிறந்தவர்க்குக் காடு என்பது தொலைவிலுள்ள ஒரு பொருளாகும். மதிலோடு மதில் தொட்டு வீடுகள் நெருங்கி நிற்கும் அவ்வூரில், மலையைக் கண்ணாற் காணாமலே வாழ்நாளைக் கழித்த முதியோர் பலர் இருந்தனர். எனினும் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை அறியாதார் அங்கு எவருமிலர். வாவியைக் கடந்து வெப்பத்தையும் புழுதியையும் சுமந்து வரும் அக்காற்று, உண்மையில் தென்மேற்குப் பருவக்காற்றேயாகும். மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையைச் சொரிந்துவிட்டு, ஊவா மலைகளைக் கடந்து கீழிறங்கும்போது அது சூடேறி வறள்கின்றது. எமது முற்றத்து வேம்பை உலுப்பும் காற்று, அதற்கு முன்னரே ஊவா மலைச்சாரலிற் புல்லை உலர்த்தி, அங்கு விழுந்த சிறு பொறியையும் பெருந்தீயாக விரித்துவிட்டு வந்திருத்தல் கூடும்.

பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களினூடாக ஒரு நெடுஞ்சாலை செங்கலடியை அடைகின்றது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் கிழக்கு மாகாண மாணவன் இச்சாலையிற் பயணஞ் செய்வானாயின், மூவகைத் தாவரப் பரப்புக்களைக் காண்பான். புறப்படும் இடத்தில், பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த ஹந்தானைச் சாரலிலே, வரிசை வரிசையாக நடப்பட்ட பைனஸ் மரங்கள் நிற்கின்றன. வெலிமடையை அண்டிய மேட்டு நிலங்களிற் பத்தனை எனப்படும் புல்வெளிகள் பரந்துள்ளன. பிபிலைப் பகுதியிலோ புல்லினிடையே கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மரங்கள் ஆங்காங்கே நிற்கும் சவன்னா நிலம் காணப்படுகின்றது. இம்மூன்றும் தோற்றத்தால் வேறுபட்டனவாயினும் ஒரு வகையில் உறவுடையன. மூன்றின் வரலாற்றையும் தீ எழுதியுள்ளது. தீக்குப் பின் மலையில் எது முளைக்கின்றது என்னும் வினா தாவரவியலாளர்க்கு மாத்திரம் உரியதன்று. அது வரலாற்று மாணவனுக்கும் உரியது என்பதைக் காட்ட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீயின் பின் எழுவன

காட்டுத்தீ என்றதும் அழிவு ஒன்றே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. ஆயின் உலகின் பல பகுதிகளில் தீயோடு வாழப் பழகிய தாவரங்கள் உள்ளன. இதற்கு ஊசியிலை மரங்கள் சிறந்த எடுத்துக்காட்டாகும். வட அமெரிக்காவின் மலைகளில் வளரும் லொட்ஜ்போல் பைன் என்னும் மரத்தின் கூம்புகளுள் ஒரு பகுதி பிசினால் இறுக மூடப்பட்டவை. ஆண்டுக்கணக்கில் மரத்திலேயே தங்கி நிற்கும் அவை, தீயின் வெப்பத்திற் பிசின் உருகிய பின்னரே திறந்து விதையைச் சொரிகின்றன. 1988 ஆம் ஆண்டில் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவின் ஏறக்குறைய 36 சதவீதமான நிலப்பரப்பைத் தீ தீண்டியது. பூங்கா அழிந்தது என்றே பலரும் கருதினர். ஆயினும் அடுத்தடுத்த ஆண்டுகளில், எவரும் நடாமலே, கருகிய மரங்களின் அடியிற் பைன் நாற்றுக்கள் அடர்ந்தெழுந்தன.

இதனைக் கொண்டு தீ காட்டுக்கு நன்மையே எனத் துணிதல் பிழையாகும். அம்மலைக்காடுகள் இயல்பாக நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில், சிற்சில இடங்களில் முந்நூறு ஆண்டளவில் ஒரு முறை, பெருந்தீக்கு உட்பட்டு வந்தவை. இரு தீக்களுக்கு இடையே மரம் முதிர்ந்து, காய்த்து, கூம்புகளைச் சேமித்துக்கொள்ள அவகாசம் இருந்தது. 1988க்குப் பின் முளைத்த இளங்காடுகளுட் சில 2016 ஆம் ஆண்டில் மீண்டும் எரிந்தன. அவ்விடங்களில் எழுந்த நாற்றுக்களின் தொகை முன்னையதிலும் மிகக் குறைவாகவே இருந்தது. சேமிப்பு நிறையுமுன் களஞ்சியத்திற் கைவைத்தால் நேர்வது இதுவே. ஆகவே தீயின் விளைவை அறிய வேண்டுமாயின், தீ எவ்வளவு பெரிது என்பதோடு, அது எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வருகின்றது, அவ்விடத்தில் விதையாகவும் வேராகவும் எஞ்சி நிற்பது யாது என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.

நமது மலைநாட்டின் இயற்கைக் காடு பைன் காடன்று. பசுமை மாறா அக்காட்டு மரங்களிற் பெரும்பாலானவை மெல்லிய பட்டையுடையன. அவற்றுட் பலவற்றின் விதைகள் உலர்ந்து நெடுநாட் கிடக்கும் ஆற்றலற்றவை. விழுந்த சில வாரங்களில் முளைத்தல் வேண்டும், அன்றேல் மடிதல் வேண்டும். இத்தகைய காட்டில் ஒரு முறை தீ புகுந்தால், மீண்டெழுதற்கு அயலிலுள்ள காட்டின் விதையையும், அதனைக் கொணரும் பறவையையும் நம்பியிருக்க வேண்டியதாகின்றது. மானாப்புல்லின் நிலையோ வேறு. அதன் குருத்து நிலத்தோடு ஒட்டிய அடித்தூரில் மறைந்துள்ளது. மேலே தாள் எரிந்து சாம்பராகினும், முதல் மழையோடு அது மீண்டும் துளிர்க்கின்றது. எரிந்த மலை சில வாரங்களிற் பச்சையாகத் தோன்றுவது இதனாலேயே. அப்பச்சை காடு திரும்பிவிட்டது என்பதற்கு அடையாளமாகாது. புல் தன் ஆட்சியை நிலைநாட்டியது என்பதற்கே அடையாளமாகும். உலர்ந்த புல் அடுத்த கோடையில் அடுத்த தீக்கு விறகாகின்றது. இவ்வாறு தீ புல்லை வளர்க்க, புல் தீயை வளர்க்க, இடையில் முளைவிட்ட மரக்கன்று ஆளாகாமலே மடிகின்றது. தடித்த பட்டையும் வேரிலிருந்து துளிர்க்கும் ஆற்றலும் உடைய சில மரங்களே இவ்வட்டத்தினுள் நிலைத்து நிற்க வல்லன. நாட்டு மருந்துக்கு நாம் தேடும் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் பிபிலைச் சவன்னாவில் நிற்பதும், உயர்ந்த பத்தனைகளிற் செம்பூப் பூக்கும் ரொடொடென்ட்ரன் தனித்து நிற்பதும் இக்காரணத்தினாலாகும்.

ஊவாவின் வெறுமலைகள்

பத்தனைகள் தோன்றியது எவ்வாறு என்பது நூறாண்டுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் ஒரு வினாவாகும். 1899 ஆம் ஆண்டில் பியர்சன் என்பார் இலங்கைப் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். 1951இல் வன அதிகாரியாகிய ஹோம்ஸ் இந்நாட்டின் புல்நிலம், பன்னநிலம், சவன்னாநிலம் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்து நூலெழுதினார். காலநிலை, மண், தீ என்னும் மூன்றனுள் எது முதற்காரணம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இருந்துவந்துள்ளது. ஹோட்டன் சமவெளிச் சதுப்பு நிலங்களிற் படிந்த பழைய மகரந்தத்தை ஆராய்ந்தோர், அங்கு புல்வெளி பல்லாயிரம் ஆண்டுத் தொன்மையுடையது எனவும், காலநிலை மாறுந்தோறும் காடும் புல்லும் ஒன்றையொன்று தள்ளிவந்தன எனவும் காட்டியுள்ளனர். எனவே எல்லாப் புல்வெளியும் அழிந்த காட்டின் மிச்சமே எனக் கூறுதல் பொருந்தாது. எனினும் தாழ்ந்த ஊவாவின் உலர் பத்தனைகளைப் புல்லாகவே நிலைநிறுத்திவந்ததில் மனிதன் இட்ட தீக்குப் பெரும் பங்குண்டு என்பதைப் பலரும் ஏற்பர்.

இந்நிலை ஆங்கிலேயர் வருகைக்கு முற்பட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. கொட்டியாறுக் குடாவிற் கரையிறங்கிச் சிறைப்பட்டு, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில், நாட்டிற் பொதுவாகக் காடு அடர்ந்திருக்க ஊவா அநேகமாகக் காடற்றிருந்தது எனக் குறிப்பிடுகின்றார். கோப்பித் தோட்டம் தோன்றுவதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஊவா வெறுமலையாக இருந்தது என்பது இதனாற் பெறப்படும். சேனைக்காகக் காட்டை எரித்தலும், கால்நடைக்கு இளம்புல் வேண்டிப் பத்தனைக்குத் தீயிடுதலும் அக்கிராம வாழ்வின் கூறுகளாயிருந்தன. முற்றிய மானாப்புல் கரடுமுரடானது, மாடு விரும்பாதது. எரித்தபின் எழும் தளிரையே மாடு மேயும். மேய்ப்பன் இட்ட தீக்கு அவனளவில் நியாயம் இருந்தது.

1817–1818 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியின்போது இத்தீ வேறோர் உருக்கொண்டது. கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படைகள் வீடுகளையும் களஞ்சியங்களையும் எரித்தன. பயிரையும் கால்நடையையும் அழித்தன. உழுதொழிலின் கருவியாயிருந்த தீ, அடக்குமுறையின் கருவியாயிற்று. மாந்தரும் மாடும் குன்றிய அம்மாகாணம் மீண்டெழ நெடுங்காலஞ் சென்றது.

கோப்பியும் சட்டமும்

மத்திய மலைநாட்டிற் காட்டைப் பேரளவில் எரித்தது கோப்பியாகும். 1830கள் தொடக்கம் காடு வெட்டப்பட்டு, உலரவிடப்பட்டு, தீயிடப்பட்டது. வெட்டும் பணியைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தத்தின்பேரிற் செய்தனர். சாம்பர் ஆறிய நிலத்திற் கன்று நட்டுக் கனி பறிக்கத் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் கொணரப்பட்டனர். 1870களின் இறுதியிற் கோப்பிப் பரப்பு ஏறக்குறைய 275,000 ஏக்கரை எட்டியிருந்தது. 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியபோது, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது, காடு திரும்பவில்லை.

இக்காலத்திலேயே தீயைப் பற்றிய இரு வேறு நீதிகள் தோன்றின என்பது கவனித்தற்குரியது. 1840 ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம், உரித்தை நிறுவ இயலாத காடு, சேனை, தரிசு ஆகியவற்றை முடிக்கு உரியனவாக்கிற்று. 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை அழியாது காக்கத் தீர்மானிக்கப்பட்டது. இன்று எஞ்சியுள்ள உயர்மலைக் காடுகளுக்கு நாம் அத்தீர்மானத்துக்குக் கடமைப்பட்டுள்ளோம். 1882இல் வின்சன்ற் என்பார் இலங்கையின் வன நிருவாகம் பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். 1885இல் வனச் சட்டம் பிறந்தது. இவற்றின் பயனாக, துரையின் தீ அபிவிருத்தி எனப்பட்டது. கிராமத்தவனின் தீ குற்றமாயிற்று. பத்தனை ‘தரிசு’ என்னும் பெயரைப் பெற்றது. தன் மாடு மேய்ந்த மலை தனக்குரியதன்று என அறிந்த குடியானவனுக்கு, அம்மலையைத் தீயினின்று காக்கும் கடமையும் தளர்ந்தது.

பைனஸ் மரத்தின் வருகை

இவ்வெறுமலைகளை மீண்டும் மரத்தாற் போர்த்தும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேகம் பெற்றது. மகாவலித் திட்டத்தின் கீழ் எழுந்த பெரிய நீர்த்தேக்கங்களை மண் படிந்து தூர்த்துவிடாது காக்க, மேல் நீரேந்து பகுதியில் மரம் நடுதல் இன்றியமையாததாயிற்று. அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டவற்றுள் முதன்மையானது கரிபியன் பைனஸ் ஆகும். 1970களிலும் 1980களிலும் பத்தனைகளிலும் கைவிடப்பட்ட தோட்டங்களிலும் அது பரவலாக நடப்பட்டது. காலப்போக்கில் நாடு முழுவதும் ஏறக்குறைய 16,000 ஹெக்டேயர் அளவிற் பைனஸ் தோட்டங்கள் உருவாயின. அத்தெரிவுக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. அரித்துத் தேய்ந்த மண்ணிலும் அது வளரும், மாடு தின்னாது, விரைவில் உயரும்.

ஆயின் ஒன்று மறக்கப்பட்டது. கரிபியன் பைனஸ், மத்திய அமெரிக்காவின் சவன்னாக்களில் தீயோடு வாழ்ந்து பழகிய மரம். முதிர்ந்த மரத்தைத் தடித்த பட்டை காக்கின்றது. அதன் ஊசியிலைகள் பிசின் நிறைந்தவை. விரைவில் உக்காமல் அடியில் மெத்தையெனத் திரள்பவை. கோடையில் அம்மெத்தையிற் பொறி விழுந்தால் தீ மரத்தடியாக ஓடுகின்றது. முதிர்ந்த பைனஸ் பெரும்பாலும் பிழைக்கின்றது; அதன் நிழலில் அரிதாக முளைத்திருந்த நாட்டு மரக்கன்றுகளோ மடிகின்றன. தீ மிகக் கடியதாயின் பைனஸும் கருகுகின்றது. அவ்வெளியைக் கினிப்புல்லோ மானாப்புல்லோ கெகில்லாப் பன்னமோ கைப்பற்றுகின்றது. புல்லுக்குத் தீர்வாக நடப்பட்ட மரம், தீயின் வழியாக மீண்டும் புல்லிடமே மலையை ஒப்படைக்கும் விந்தையை இங்கு காண்கின்றோம்.

ஊவாவில் இதன் விளைவு மேலுங் கடுமையானது. அங்கு தீயின் பருவம் ஆனி முதல் புரட்டாதி வரையிலானது. பெருமழையின் பருவம் அதனை அடுத்துவரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள். ஆதலால் நிலம் போர்வையிழந்து கிடக்கும் வேளையிலேயே மழை அறைந்து பெய்கின்றது. சாம்பரிலுள்ள பொட்டாசியம், கல்சியம் முதலிய ஊட்டங்கள், அவற்றை உண்ணும் வேர் எழுமுன் ஓடையிற் கரைந்தோடுகின்றன; மேல்மண்ணும் உடன் செல்கின்றது. ஒவ்வொரு தீக்குப் பின்னும் எழும் புல் முன்னையதிலும் ஐதாகின்றது. பைனஸ் ஊற்றுக்களை வற்றச் செய்கின்றது எனக் கிராமத்தவர் முறையிட்டதும் வெறும் அச்சத்தினால் மாத்திரமன்று. புல்நிலத்தை அடர்ந்த மரக்காடாக மாற்றினால் ஓடையிற் பாயும் நீர் குறையும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. இத்தகைய எதிர்ப்புக்களின் பின்னர் பைனஸைப் புதிதாக நடுதல் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

குமாவோன் தரும் படிப்பினை

தீயை யார் இடுகின்றனர், ஏன் இடுகின்றனர் என்பதை விளங்கிக்கொள்ள, ஊசியிலைக் காடு இயற்கையாகவே வளரும் இமயமலைச் சாரலை நோக்குதல் பயன்தரும். இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தைச் சேர்ந்த குமாவோனில், சீர் பைன் காடும் ஓக் காடும் அடுத்தடுத்து உள்ளன. ஓக் மரம் உழவனுக்கு இலையும் எருவும் விறகும் தந்தது; சீர் பைன் அரசுக்கு வெட்டுமரமும் பிசினும் தந்தது. 1911 முதல் 1917 வரையான காலத்தில் அரசு பெரும்பகுதி மலைக்காட்டை ஒதுக்குக் காடாக்கி, ஆண்டுதோறும் புல்லுக்காகத் தீயிடும் வழக்கத்தையும் தடுத்தது. 1921 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கூலியில்லாக் கட்டாய வேலைக்கெதிராக பாகேஸ்வரில் மக்கள் திரண்டனர். அவ்வாண்டின் கோடையில் மலைக்காடுகள் தீப்பற்றின. இவ்வரலாற்றை ஆராய்ந்த இராமச்சந்திர குகா, எரிந்தவை பெரும்பாலும் அரசு ஒதுக்கிய சீர் பைன் காடுகளே எனவும், மக்களுக்குப் பயன்பட்ட அகன்ற இலைக் காடுகள் பெரும்பாலும் தீண்டப்படவில்லை எனவும் எடுத்துக்காட்டியுள்ளார். தீயிட்ட கைக்குத் தன் காடு எது, பிறர் காடு எது என்பது தெரிந்திருந்தது. அதன் பின் அரசு குறைகேள் குழுவை அமைத்தது. 1931இல் கிராம வனப் பஞ்சாயத்துக்களுக்கு வழி திறந்தது.

ஊவாவின் தீயைக் குமாவோனின் கிளர்ச்சியோடு முற்றாக ஒப்பிடல் இயலாது. இங்கு தீயிடுவோர் மேய்ப்பராகவும் வேட்டையாடுவோராகவும் கவனக்குறைவாளராகவும் இருத்தல் கூடும். ஆயினும் ஓர் உண்மை இரண்டிடத்தும் பொதுவானது. வறண்ட கோடையில் இடிமின்னலால் எழும் தீ நம் மலைகளில் மிக அரிது. ஏறத்தாழ எல்லாத் தீயும் மனிதனால் எழுவதே. மனிதனால் எழும் தீயை மனிதனின் விருப்பமே தடுத்தல் கூடும். தனக்கு விறகும் தீவனமும் நீரும் தராத மரத்தை, காவலாளி ஒருவனின் சொல்லுக்காக எத்தனை ஆண்டு ஒருவன் காப்பான்?

நிழலாக ஒரு பைனஸ்

இவ்விடத்து நம்பிக்கையளிக்கும் முயற்சியொன்றைக் குறிப்பிடுதல் தகும். சிங்கராஜ வனத்தின் எல்லையில் நடப்பட்டிருந்த பைனஸ் தோட்டத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோர், அமெரிக்க அறிஞர் மார்க் அஷ்டன் முதலியோருடன் சேர்ந்து 1991இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பைனஸ் வரிசைகளுட் சிலவற்றை அகற்றி, அவ்விடைவெளியில் நாட்டு மழைக்காட்டு மரங்களின் நாற்றுக்கள் நடப்பட்டன. மூன்று வரிசை அகற்றிய இடத்தில், அடர்நிழலிலும் பார்க்க அவை செழித்து வளர்ந்தன. அந்நிய மரம் செவிலித்தாயாக நின்று நாட்டுக் காட்டை வளர்க்கவுங் கூடும் என்பது இதனாற் புலனாயிற்று. எனினும் சிங்கராஜ ஈரவலயத்துத் தாழ்நிலம். அயலிலே விதை தரும் பெருங்காடு உண்டு. ஊவாவில் இம்முறை பயன்தர வேண்டுமாயின், பல ஆண்டுகள் தொடர்ந்து தீ அணுகாதிருத்தல் வேண்டும். அங்கே தாவரவியலாளரின் பணி முடிந்து, கிராமத்தவரின் பங்கு தொடங்குகின்றது. தொன்மையான புல்வெளிகளைப் புல்வெளிகளாகவே விட்டுவிடும் நிதானமும் உடன் வேண்டப்படுகின்றது.

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறக்கும் கல்லோயா, இங்கினியாகலையில் தேக்கப்பட்டு, சம்மாந்துறை, கல்முனைப் பகுதி வயல்களுக்கு நீராகின்றது. காத்தான்குடிக் கடைத்தெருவில் நிறுக்கப்படும் அரிசியில் ஒரு பங்கு அவ்வயல்களின் விளைச்சல். ஆகவே மலையின் மேல் எது எரிகின்றது, எரிந்தபின் எது முளைக்கின்றது என்பது மலைநாட்டாரின் கவலை மாத்திரமன்று. ஊவா மலை மூன்று நூற்றாண்டுகளாகப் பலரின் கையில் எரிந்துள்ளது: மேய்ப்பன் புல்லுக்காக எரித்தான், படைவீரன் ஆணைக்காக எரித்தான், துரை கோப்பிக்காக எரித்தான். ஒவ்வொரு தீக்குப் பின்னும் மலையில் எழுந்த தாவரம், அக்காலத்தில் அம்மலை யாருடையது எனக் கருதப்பட்டதோ அதனையே நமக்குக் கூறுகின்றது. இனி அங்கு காடு எழ வேண்டுமாயின், அம்மலையின் அடியில் வாழும் மக்கள் அதனைத் தமதெனச் சொல்லத்தக்க நிலை முதலில் எழுதல் வேண்டும். அடுத்த கச்சான் வீசும்போது எமதூரார் அதனை வெப்பக் காற்றென மாத்திரம் எண்ணாது, அது கடந்துவந்த மலைகளையும் ஒரு கணம் நினைப்பாராயின் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.